யாருக்கு உரைக்கிறது இவ்விஞ்ஞானம்?
ஊவாவின் அரச ஆராய்ச்சி நிலையங்கள் குறித்து ஒரு வினா

நம் நாட்டில் விஞ்ஞான ஆராய்ச்சியின் நிலைபற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே முறைப்பாடுதான் செவியில் விழுகிறது. பணம் போதாது என்பதே அது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்ற அளவை ஒட்டியே இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிட்டு வருகிறது. இவ்வளவு சிறு தொகையைக் கொண்டு யாது செய்தல் கூடும் என்று பணிப்பாளர்களும் பேராசிரியர்களும் மேடைதோறும் வினவுகின்றனர். இம்முறைப்பாடு பொய்யன்று. ஆயினும் இதனையே ஓயாது சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கிடைத்த பணத்தைக் கொண்டு கண்டறியப்பட்டது யாது, அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற வினா எழாமலே போய்விடுகிறது. அந்த வினாவையே இக்கட்டுரை எழுப்புகிறது. அதற்கான களமாகப் பதுளை மாவட்டத்தை, சிறப்பாக அதன் தென்மேற்கு மூலையில் உள்ள ஹல்துமுல்லைப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம்.

ஊவாவில் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. தலவாக்கலை சென்ற் கூம்ஸில் தலைமையகங்கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பசறையில் ஒரு பிரதேச நிலையம் உண்டு. பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கென ரஹங்கலையில் ஒன்று இருக்கிறது. மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பின் மாவட்ட அலுவலகம் பதுளையிலே இயங்குகிறது. 2005 இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பை நடத்துகிறது. தேயிலையையும் மரக்கறியையும் நம்பி வாழும் ஒரு மலை மாவட்டத்துக்கு இது சொற்பமான ஏற்பாடன்று. அரசாங்கம் பிரதேசங்களை மறந்துவிட்டது என்று இவ்விடயத்திலேனும் நாம் குறைகூற முடியாது. அப்படியாயின் குறை எங்கே இருக்கிறது?

பலாங்கொடையிலிருந்து ஏறிவரும் கொழும்பு வீதி ஹல்துமுல்லையைத் தொட்டுப் பெரகலைச் சந்தியை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை ஹப்புத்தளைக்கு ஏற, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகிறது. மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பு இது. சில மைல் தூரத்துக்குள் நாலாயிரம் அடிக்கு மேல் நிலம் சரிந்து விழுகிறது. பழைய சரிவுகளில் உதிர்ந்த மண்ணும் கல்லும் படிந்த தளர்ந்த படைகள் இம்மலைச் சாரல்களிற் பரவலாக உள்ளன. அவற்றின் மீதே தேயிலையும் நடப்பட்டது, லயங்களும் கட்டப்பட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் இம்மண் நீரை உண்டு கனத்துவிடும். அவ்வாறு கனத்த மண் ஒரு கட்டத்தில் தன்னைத் தாங்கமாட்டாமல் நகரும் என்பதை அறிவதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. எங்கே நகரும், எவ்வளவு மழைக்கு நகரும் என்பதை அறியத்தான் விஞ்ஞானம் வேண்டும்.

அந்த விஞ்ஞானம் இருந்தது. 1984 இல் அமைக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு, 1990 களின் முற்பகுதியில் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டு. ஒன்று நுவரெலியா, மற்றது பதுளை. கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டப் பிரிவு ஆபத்தான இடம் என்றும் அங்குள்ளோரை அப்புறப்படுத்த வேண்டும் என்றும் 2005 இலும் 2011 இலும் அவ்வமைப்பு அறிவித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி புதன்கிழமை காலை, ஏழு மணி கழிந்து சிறிது நேரத்தில், அந்த மலை இறங்கியது. லயங்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. மாண்டவர் தொகை நூறு என்றும் இருநூறு என்றும் முதல் நாட்களில் மாறிமாறிச் சொல்லப்பட்டது. ஈற்றில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தோரும் காணாமற்போனோருமாகக் கணக்கிடப்பட்டனர். அவர்களிற் பலரின் உடல்கள் இன்றுவரை அம்மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. அதிகாலையில் பாடசாலைக்குப் புறப்பட்டதனாற் பிழைத்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது, வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இது விஞ்ஞானம் தோற்ற கதையன்று. கணிப்பு சரியாக இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் சொல்லப்பட்டிருந்தது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் இதைவிடத் துல்லியமான வெற்றியைக் காண்பது அரிது. அந்த வெற்றியினாற் பயன்பெற்றவர் எவருமில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

இதற்கு இருவகைச் சமாதானங்கள் சொல்லப்பட்டன. எச்சரித்தோம், சனங்கள் கேட்கவில்லை என்பது முதலாவது. பேரிடர் நடந்த மறுநாளே இது ஒலிக்கத் தொடங்கிவிட்டது. தோட்டத்து மக்கள் படிப்பறிவற்றவர்கள், பழகிய இடத்தை விட்டு அசையமாட்டார்கள், விதியின்மேற் பாரத்தைப் போட்டுவிட்டுக் கிடப்பார்கள் என்றெல்லாம் கற்றவர்களே பேசினர். ஊதுகிற சங்கை ஊதினோம், விடிகிறபோது விடியட்டும் என்ற மனப்பாங்கு இது. இப்படிப் பேசியவர்களிடம் ஒரு கேள்வி: எழுந்து எங்கே போகச் சொன்னீர்கள்? 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் நிலம் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, லயத்து அறை தோட்டத்தினது. அதில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவனுக்கு உரிய நிலம் ஒரு பேர்ச்சஸ்கூட இல்லை. அவன் லயத்தை விட்டுப் போகலாம்; போய் நிற்க அவனுக்கு இடமில்லை. பிழைத்தவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து, மக்கள்தெனியவில் எழுபத்தைந்து வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரிலேயே. மலை சரிந்த பின்னரே இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்ட காரியத்தை, மலை சரியுமுன் ஒரு கடதாசியைக் காட்டித் தொழிலாளியே தன்பாட்டிற் செய்திருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது சமாதானம் சற்று நாகரிகமானது. ஆராய்ச்சியாளனின் கடமை உண்மையைக் கண்டு உரியவர்களிடம் சமர்ப்பிப்பது. நடவடிக்கை எடுப்பது நிருவாகத்தின் கடமை. இரண்டையும் கலத்தலாகாது என்பது அது. கேட்பதற்கு முறையாகவே இருக்கிறது. ஆனால் 'உரியவர்கள்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. ஹல்துமுல்லைச் சரிவைப் பற்றிய அறிக்கைக்கு உரியவர் யார்? கச்சேரியா? அமைச்சா? தோட்ட முகாமையா? அச்சரிவில் உறங்குகிறவர்கள் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது எனலாம். வாய்மொழி வேறு, அறிக்கை வேறு. அறிக்கையைக் கையில் வைத்திருப்பவன் அதைக் காட்டி வழக்காடலாம், தொழிற்சங்கத்திடம் கொண்டுபோகலாம், பாராளுமன்ற உறுப்பினரின் வாசலில் நின்று கேட்கலாம். காற்றோடு வந்த சொல்லை வைத்துக்கொண்டு எவரிடமும் எதுவும் கேட்க முடியாது.

ஆராய்ச்சி நிலையங்கள் இவ்வாறு மேல்நோக்கி மட்டும் பேசுவது தற்செயலாக நேர்ந்ததன்று. அவை அமைக்கப்பட்ட விதமே அது. இதனை விளங்கிக்கொள்ளத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும்.

1925 இல் ஒரு கட்டளைச் சட்டத்தினால் அந்நிலையம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதிக்கப்பட்ட செஸ் வரி அதன் வருவாய். தோட்ட உடைமையாளரின் சங்கங்கள் அதன் ஆளுகையில் அமர்ந்தன. அது செய்த பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. தேயிலையின் இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவொன்று தோட்டங்களை அலைக்கழித்தபோது, 1930 களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தைத் தருவித்து விட்டார்கள். மக்ரோசென்ரஸ் எனப்படும் அக்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழித்தது. மருந்தும் இல்லை, செலவும் இல்லை. இயற்கையைக் கொண்டே இயற்கையை அடக்கிய அச்செயல் உலகின் உயிரியற் கட்டுப்பாட்டு வரலாற்றில் எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுகிறது. பின்னர் தண்டு துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது அது குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் தலையெடுத்தது. அதனையும் அந்நிலையத்தின் பூச்சியியலாளர்களே ஆராய்ந்து விளக்கினர். 1946 இல் கொப்புள நோய் வந்து புகுந்தபோது தேயிலையே அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர்; கோப்பியை அழித்த துரு நோயின் நினைவு அப்போதும் மறையவில்லை. செப்பு மருந்துகொண்டு அந்நோய் அடக்கப்பட்டது. பதியமுறையிற் பெருகும் புதிய தேயிலையினங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. இவ்வளவும் உயர்ந்த விஞ்ஞானம் என்பதை மறுப்பவன் அறியாதவன்.

ஆனால் இப்பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். புழுவைப் பற்றி ஆராய்ந்தார்கள். வண்டைப் பற்றி, பூஞ்சையைப் பற்றி, வேரைப் பற்றி, இலையின் மணத்தைப் பற்றி ஆராய்ந்தார்கள். தேயிலைச் செடிக்குத் தீங்கு செய்யும் ஒவ்வோர் உயிருக்கும் அங்கே ஒரு மேசை இருந்தது. அச்செடியைப் பேணிய மனித உயிருக்குத் தனியான மேசை இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மனிதனை விஞ்ஞானம் எட்டிப்பார்த்த சந்தர்ப்பங்களும் உண்டுதான். 1916 இல் றொக்ஃபெல்லர் மன்றத்தார் மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். இரத்தமிழந்த தொழிலாளி குறைவாகவே வேலை செய்வான் என்ற கணக்கும் அங்கே உடன் இருந்தது என்பதை நினைவிற்கொள்க.

செஸ் வரி என்றால் யாது? ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோத் தேயிலைமீதும் அறவிடப்படும் தொகை. அந்தக் கிலோவைக் கொழுந்தாகக் கிள்ளிக் கூடையில் இட்டவள் யார்? கம்பனியின் கணக்கில் அது கம்பனி செலுத்திய பணம். அரசின் கணக்கில் அரச வருமானம். உழைப்பின் கணக்கில் பார்த்தால் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை நூறு ஆண்டுகளாகத் தாபரித்து வந்தவர்கள் கொழுந்து கொய்யும் பெண்கள். இந்நாட்டின் எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் இத்தகைய கொடையாளர் வாய்த்ததில்லை. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலையத்தைத் தேயிலை ஆராய்ச்சிச் சபையின்கீழ்க் கொண்டுவந்தது, பெயர்கள் மாறின. ஆராய்ச்சியின் முடிவு ஒரு சுற்றறிக்கையாகித் தோட்டத்துரையின் மேசைக்குப் போய், அங்கிருந்து கணக்கப்பிள்ளை வழியாகக் கட்டளையாகி மலைக்கு இறங்கும் பாதை மட்டும் மாறவில்லை. கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு எந்த உயரத்தில் வெட்டு என்று சொல்லப்படுகிறது. ஏன் அந்த உயரம் என்று சொல்லப்படுவதில்லை. மருந்தடிப்பவனுக்கு இத்தனை லீற்றர் என்று சொல்லப்படுகிறது; அது அவன் நுரையீரலுக்கு யாது செய்யும் என்பது சொல்லப்படுவதில்லை. கட்டளையாக மாறிய விஞ்ஞானம் விஞ்ஞானமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

இதன் கேடு தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று, நிலையங்களுக்கும் உரியது. 2015 இல் கிளைபோசேட் களைகொல்லி ஒரே ஆணையாற் தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கென 2018 இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியே ஒரு நாளில் நிறுத்தப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் பகிரங்கமாக எதிர்த்தும் கேட்பாரில்லை. அவ்வாண்டு முடியுமுன் அரசு தானே பின்வாங்கியது. அதற்குள் ஏற்பட்ட நட்டத்தை விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் சுமந்தனர். அந்த வேளையில் ஆராய்ச்சி நிலையங்களுக்காக ஏன் ஒரு தோட்டத்திலேனும் மக்கள் எழுந்து நிற்கவில்லை? அவை தங்களுடையவை என்று அம்மக்கள் எண்ணுவதற்கு எவரும் காரணம் கொடுக்கவில்லை. மேலே இருப்பவருக்கு மட்டும் பதில் சொல்லும் நிலையத்தை மேலே இருப்பவர் ஒரு கையெழுத்தால் ஊமையாக்கிவிட முடியும். தனது சுதந்திரத்தைப் பற்றிக் கவலைப்படும் விஞ்ஞானி முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதனையே.

பிறநாட்டார் இச்சிக்கலை எதிர்கொள்ளவில்லையா? அமெரிக்காவில் 1887 ஆம் ஆண்டின் ஹாச் சட்டம் மாநிலந்தோறும் விவசாயப் பரிசோதனை நிலையங்களை அரச பணத்தில் ஏற்படுத்திற்று. கண்டவை விவசாயியை எட்டவில்லை என்பது விரைவிலே தெரிந்தது. ஆகவே 1914 இல் ஸ்மித்-லீவர் சட்டத்தின்மூலம், நிலையத்தில் அறிந்ததைக் குடியானவனின் வாசலுக்குக் கொண்டுசெல்வதையே தொழிலாகக்கொண்ட ஒரு சேவையை வேறாக உருவாக்கினர். இந்தியாவில் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974 இல் புதுச்சேரியிலே, கோவையின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அங்கு உழவன் வந்து பார்த்துத் தொட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. இவையெல்லாம் குறைகளற்றவை என்று சொல்ல நான் வரவில்லை. நிலமுடைய விவசாயிக்கு அவை உதவிய அளவில் நிலமற்ற கூலியாளுக்கு உதவவில்லை என்ற குற்றச்சாட்டு அங்கும் உண்டு. நம் தோட்டத் தொழிலாளியோ நிலமற்ற கூலியாள். ஆகவே அந்த முன்மாதிரிகளை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தாலும் போதாது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1999 இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஹல்துமுல்லையும் ஒன்று. மண்சரிவு எச்சரிக்கைகள் இன்று மூன்று மொழிகளிலும் வெளியாகின்றன என்பதையும் ஒப்புக்கொள்வோம். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 ஆனாலோ வெளியேற்றம் என்று படிநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. நல்லது. ஆனால் எச்சரிக்கை என்பது ஆராய்ச்சியின் கடைசி வரி. 'ஓடு' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலே தந்துவிட்டு, ஏன் ஓடவேண்டும், எந்த லயம் முதலில் போகவேண்டும், மேலே கைவிடப்பட்ட மலையின் கான்கள் தூர்ந்து கிடப்பதற்கும் கீழே சுவர் வெடிப்பதற்கும் என்ன தொடர்பு என்பவற்றையெல்லாம் ஆங்கில அறிக்கையிலே வைத்துக்கொண்டால், மொழியுரிமை நிறைவேறிவிட்டதாக எவரும் சொல்லக்கூடாது. தமிழில் இவற்றை எழுத முடியாது என்பார்க்கு, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கியதை நினைவூட்டினாற் போதும். மனித உடலின் நரம்பையும் எலும்பையும் தாங்கிய மொழிக்கு ஒரு மலையின் மண்படையைத் தாங்குவது பாரமாகாது.

மேலும், தோட்டத்தில் அறிவு இல்லை, நிலையத்திலேயே இருக்கிறது, அதை இறக்கிக் கொடுத்தாற் போதும் என்று கொள்வதும் பாதிப் பிழை. மண் சரியப்போவதற்கு முன் தோன்றும் குறிகளை நிபுணர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்: நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பல், இருந்த ஊற்று திடீரென வற்றல், தெளிந்த நீர் கலங்கி வரல். இவற்றை முதலிற் காணக்கூடியவர் யார்? மலையை ஏழு நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்ற கொழுந்து கொய்யும் பெண். ஒரு நம்பர் மலையில் ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு செடியின் அருகிலும் ஆண்டுக்கு ஐம்பது முறையளவில் அவள் நிற்கிறாள். எந்தச் செடியடியில் மண் இறங்கியது, எந்தக் கானில் தண்ணீர் நிற்கிறது, பீலியில் வரும் நீர் என்றைக்குச் சிவந்தது என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு தவறாமல், இவ்வளவு பரந்த நிலத்தைப் பார்வையிடும் கருவித்தொகுதி உலகில் எந்த ஆராய்ச்சி நிலையத்திடமும் இல்லை. கொய்தல் சுற்று என்பது விளைச்சலுக்கான ஏற்பாடு மாத்திரமன்று. விஞ்ஞானத்தின் மொழியிற் சொன்னால் அஃது ஓர் ஒழுங்கான அவதானிப்புத் தொடர். அந்த அவதானிப்பு எங்கே பதியப்படுகிறது? பிரட்டுக்களத்திற் பெயர் பதியப்படுகிறது. மாலையில் கொழுந்தின் நிறை பதியப்படுகிறது. அவள் கண்டது பதியப்படுவதில்லை. தராசில் நிறுக்க முடியாத எதையும் தோட்டம் அவளிடம் வாங்கிக்கொண்டதில்லை. ஆராய்ச்சி நிலையமும் தோட்டத்தையே பின்பற்றியது.

நான் இங்கே ஏழைமக்களின் அறிவைப் புகழ்ந்து ஒரு கற்பனைக் காவியம் பாட முற்படவில்லை. அவள் கண்ட வெடிப்பு மண் காய்ந்ததனால் வந்ததா, மலை நகர்ந்ததனால் வந்ததா என்று பிரித்தறியப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நிலவியலாளனிடம் இருக்கிறது. நிலவியலாளனோ ஆண்டில் எத்தனை நாள் அந்த மலையில் நிற்க முடியும்? மாவட்டம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க உத்தியோகத்தர்களே இருக்கக்கூடிய சூழலில், பணம் போதாது என்று அழுபவர்கள் ஆயிரக்கணக்கான கண்களைப் பணமின்றியே தம்மோடு சேர்த்துக்கொள்ள ஏன் முனையவில்லை என்பதே என் வினா. நேரான சுவருடைய எந்தத் தகரப்பேணியும் ஒரு மழைமானிதான். பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தை அதனுள் விட்டு மூன்று அங்குலமா, நான்கு அங்குலமா, ஆறு அங்குலமா என்று பார்த்தால் மேற்சொன்ன மூன்று படிநிலைகளும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இதற்கு வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை. வேண்டியது, அந்தப் பிள்ளை எழுதிவைத்த எண்ணை ஓர் ஆராய்ச்சி நிலையம் எண்ணாக மதிக்கும் மனம்.

மீரியபெத்தைக்குப் பின்னர் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லக்கூடிய நிலையும் இல்லை. 2023 மார்ச்சில் அதே சுற்றுவட்டாரத்தில், பூனாகலை கபரகலைத் தோட்டத்தில், மண் சரிந்து லயங்கள் சிதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலின்போது பதுளை உட்பட மலையகமெங்கும் மண் இறங்கி, நாடளாவிய ரீதியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் அபாய வரைபடங்கள் எடுத்துக் காட்டப்படுகின்றன. அந்த இடம் ஏற்கெனவே அடையாளமிடப்பட்டிருந்ததா இல்லையா என்று பத்திரிகைகளில் விவாதம் நடக்கிறது. வரைபடத்தின் பயன் இறந்தபின் சாட்சி சொல்வது என்றாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏடு நியாய விசாரணைக்கு மட்டும் உதவுகிறது.

இனி, இதனை வாசிக்கும் நம்மைப் பற்றி. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் மலையகத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் பாடல்களோடு நின்றுவிட்டது. கொழுந்து கொய்யும்போது பாடப்பட்டவற்றை ஒலிப்பதிவு செய்யவும், அவற்றிலே துயரத்தைக் கண்டு ஆய்வுக்கட்டுரை எழுதவும் நாம் மலையேறியிருக்கிறோம். அது வேண்டாத வேலையன்று. ஆனால் பாடியவள் நின்ற மண்ணைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் இறங்கி வந்திருக்கிறோம். மறுபுறம், நமது விஞ்ஞான பீடத்திலும் பொறியியற் பீடத்திலும் விவசாய பீடத்திலும் பயிலும் தமிழ் மாணவர்கள், இலக்கியம் கலைப்பீடத்தாரின் வேலை என்று சங்கத்தின் பக்கம் தலைகாட்டுவதேயில்லை. மண்ணியலைக் கற்றவனுக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியவில்லை. தோட்டத்துத் தமிழ் தெரிந்தவனுக்கு மண்ணியல் தெரியவில்லை. இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடிய ஒரே அமைப்பு சங்கம்தான். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்களோ இரண்டையும் ஒருங்கே கொண்டவர்கள். அவர்களை நாம் விழாவுக்குக் கும்மியும் காவடியும் ஆடவே அழைத்து வருகிறோம்.

விரிவுரையாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பதவியுயர்வுக்கு வெளிநாட்டு ஆய்விதழில் ஆங்கிலத்தில் வந்த கட்டுரைக்குப் புள்ளி உண்டு. ஹல்துமுல்லையின் ஒரு தோட்டப் பிரிவிலுள்ள நூறு குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் மலையின் நிலையைத் தமிழில் விளக்கிய பன்னிரண்டு பக்கத் துண்டுநூலுக்கு எத்தனை புள்ளி? மூதவையிலே குரல் உள்ளவர்கள் இதனை அங்கே எழுப்பலாம். எழுப்பினால் சிரிப்பார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சிரிக்கட்டும். மீரியபெத்தையின் வரைபடத்தை வரைந்தவர்களையும் அவ்வறிக்கையைக் கோவையிற் போட்டு மூடியவர்களையும் உருவாக்கியவை நமது பல்கலைக்கழகங்களே.

நிலையங்களிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. எவையும் செலவு பிடிப்பனவுமல்ல. ஒரு தோட்டப் பிரிவைப் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையும் தமிழிலும் எழுதப்பட்டு, அதன் பிரதி தோட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்படும் அதே நாளில் அங்குள்ள மக்களின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். கொடுத்ததற்குக் கையொப்பம் பெறப்பட வேண்டும். பின்னர் எச்சரித்தோமா இல்லையா என்ற வழக்கு எழாது. எந்த லயம் எந்த வலயத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம், லயங்களின் பெயர் எழுதப்பெற்று, பிரட்டுக்களத்திலும் பாடசாலையிலும் தொங்கவேண்டும். தேயிலை ஆராய்ச்சியை ஆளும் சபையில், அச்சபையின் வருவாயைக் கொழுந்தாகக் கொய்து கொடுப்பவர்களின் பிரதிநிதிக்கும் குரல் வேண்டும். அது வெறும் ஆசனமாக இராமல், எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் வேளையில் வாக்களிக்கும் ஆசனமாக இருக்கவேண்டும். வெளியேறு என்று பரிந்துரைக்கும் அறிக்கை, எங்கே குடியேறுவது என்பதையும் அதே பக்கத்திற் குறிக்கவேண்டும். மண்ணுறுதி கண்டு மாற்று நிலத்தைத் தெரிவதும் அந்த விஞ்ஞானத்துக்கு உட்பட்டதே. அந்த நிலத்தின் உறுதிப்பத்திரம் யார் பெயரில் எழுதப்படும் என்பதைப் பணிப்பாளர் தீர்மானிக்க முடியாதுதான். ஆயினும் அவருடைய அறிக்கை மக்கள் கையில் இருந்தால், அதைக் கேட்கும் இடத்தில் அவர்கள் வெறுங்கையோடு நிற்கமாட்டார்கள்.

சங்கத்துக்கோ அதனினும் எளிதான வேலை ஒன்றுண்டு. அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாளிருக்கிறது. நிலவியலும் பொறியியலும் கற்கும் நால்வர், தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர். இந்த எண்மரும் பெரகலையில் இறங்கிக் கொஸ்லந்தைப் பக்கமாக ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுத்து, அதன் மண்சரிவு அறிக்கையைப் பதுளை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறட்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. பெற்றதைத் தமிழாக்கி, கொய்கிற பெண்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்துவதை ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். அந்த ஓரக் குறிப்புகளை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவதற்கு இதழாசிரியர் பத்துப் பக்கங்களை ஒதுக்கி வைப்பாராக.